தூம்புக்குள் இருந்த அணில் கூடு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். தீபாவளிக்குப் பட்சணம் என்ன செய்வது என்று ஊரெல்லாம் யோசிக்கிற நேரத்தில், நான் வாளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் தாத்தா 1938இல் கட்டிய வீடு அது. இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. மழை பிடித்தால் எந்த இடத்தில் எந்த வாளி என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் மனப்பாடம்.

வாளியையாவது மன்னிக்கலாம். கூடத்து மேற்குச் சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, தோசைக்கல் அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு இருந்ததே, அதனோடுதான் மூன்று வருஷம் மல்லுக்கட்டினேன். முதல் வருஷம் நானே சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தேன். இரண்டாம் வருஷம், ‘எந்த ஈரத்தையும் தாங்கும்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த, இரட்டை விலை பெயின்ட். மூன்றாம் வருஷம் கோபம் வந்து, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமென்ட் பூசினேன். திட்டு ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். கார்த்திகை முடிவதற்குள் இரண்டடி தள்ளி, சாமி படத்துக்குப் பின்னால் புதிதாக ஒன்று எழுந்தது.

தெருக்கோடியில் இருக்கும் வயதான மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரை அவர் தொடக்கூட இல்லை. “சுவத்துல சீக்கு இல்லம்மா. மேல தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க” என்றார்.

மொட்டை மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரோரம் தூம்பு. குனிந்து கையை விட்டால் தேங்காய் நார், கந்தல் துணி, காய்ந்த வேப்பிலை. இழுக்க இழுக்க முழங்கை நீளத்துக்கு வந்தது. அணில் கூடு. குஞ்சுகள் எப்போதோ போய்விட்டன. கூடு மட்டும் இருந்து மூன்று மழைக்காலத்துத் தண்ணீரை மாடியிலேயே நிறுத்தியிருக்கிறது. எடுக்க ஆன செலவு ஒரு பைசா இல்லை. பெயின்டுக்குக் கொடுத்ததை நான் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.

பழைய வீட்டில் கை வைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அழுக்கு தெரிகிற இடத்தில் வேலையைத் தொடங்குகிறோம். தண்ணீர் நுழைகிற இடம் எங்கோ, வெளியே வருகிற இடம் எங்கோ. எங்கள் வீட்டு மாடி மெட்ராஸ் டெரஸ் என்கிற வகை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்களாம். இவ்வளவு அடுக்குக்குள் இறங்கிய தண்ணீர் நேர்கீழே சொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து, சுவரில் போய் இறங்கும்.

அப்படியானால் சிமென்ட் ஏன் காப்பாற்றவில்லை? இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் நம் சென்னையில்தான் நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை ஓடத் தொடங்கிய பிறகும், எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு நெடுநாள் சுண்ணாம்புதான் கைவந்த சரக்கு. எங்கள் வீட்டுச் சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூச்சு முடிகிற ஓரமாகப் பார்த்து நகர்கிறது. கூடவே சுவரிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சாமி படத்துக்குப் பின்னால் வெள்ளையாகப் பூத்திருந்தது அதுதான். இப்படி உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் வாரிக் கொட்டுங்கள்.

அந்த சிமென்டைக் கொத்தியெடுத்து, சித்திரை வெயிலில் சுவரை நன்றாகக் காயவிட்டு, வைகாசியில் நானே பூசினேன். மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டினார். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. செங்கல் தண்ணீர் குடித்து அடங்கும்வரை நனைத்துவிட்டு, கரண்டியால் அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒரு பூச்சு. அது இறுகிய பிறகு அடுத்தது. பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசு கட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு பகல் போயிற்று. நான் அழுத்தித் தேய்த்தேன். “சப்பாத்தியா இடுறீங்க?” என்றார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. சட்டென்று காய்ந்தால் பொடிந்துவிடும். அதனால் பல நாள் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். கையுறை போடச் சொன்னார், கேட்கவில்லை. விரலிடுக்கில் தோல் உரிந்து ஒரு வாரம் ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டேன். கண்ணில் தெறித்தால் இதைவிட மோசம். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வீட்டிலேயே நீற்ற ஆசைப்படாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

சின்ன வேலைகளும் கற்றுக்கொண்டேன். சொட்டுகிற குழாயைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் வாஷர் ஒன்றுதான் தேய்ந்திருக்கும், நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்து. மாற்றுவதற்குப் பத்து நிமிஷம். வால்வை மூட மறந்தால் ஒரு குளியல் உபரி. மழைக்காலத்தில் இறுகும் கதவை அப்போதே இழைத்தீர்களானால், தை பிறந்ததும் இடைவெளி வழியே தெரு தெரியும். முதலில் மேல் கீலைப் பாருங்கள். ஸ்குரூ ஆடினால் அந்தத் துளையில் மூங்கில் சீவலைப் பசை தடவி அடித்து, அதன் மேலேயே ஸ்குரூவை முறுக்குங்கள். எங்கள் வீட்டில் நான்கு கதவுக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

மின்சாரத்தில் மட்டும் நான் கை வைப்பதில்லை. மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ஒயரின் உறை தொட்டாலே உதிர்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்த்து, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னேன். உத்தரக் கட்டையும் அப்படித்தான். சுவருக்குள் போகிற அதன் முனையில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் யூடியூபை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

புரட்டாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. பூசிய இடத்தில் தினமும் காலையில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது. நிறம் மட்டும் பொருந்தவில்லை, கூடத்தில் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படுகிறது. தூம்புதான் இன்னும் தீராத வழக்கு. கம்பி வலை வைத்தால் வேப்பிலை அடைத்துக்கொள்கிறது. எடுத்துவிட்டால் அணில் வருகிறது. நேற்றுகூடத் தூம்பு வாயில் இரண்டு இழை நார் கிடந்தது. உங்கள் வீட்டு மாடியில் இதற்கு என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்