முப்பதுக்குமேல் தொழில் மாறலாகாதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு அருகே ஓர் உணவுக்கடையில், நம் உறவினர் ஐவர் கூடி நம்மை விசாரணை செய்தனர். ஜோகூர்த் தோட்டமொன்றில் 14 ஆண்டுகள் கிராணி உத்தியோகம் பார்த்த நாம், 36-ஆம் வயதில், கணினியில் உருவங்களைச் செய்து அவற்றை நடமாட வைக்கும் அனிமேஷன் என்னும் உயிரோவியத் தொழிலைக் கற்கத் தொடங்கியதே நம்மீது சாட்டப்பட்ட குற்றம். இதே உறவினர்களில் ஒருவர் சூதாடி வீட்டை இழந்தபோது இப்படி ஒரு கூட்டம் கூடியதாக நமக்கு நினைவில்லை. குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர் ஒருவர் அன்றைய பஞ்சாயத்திலேயே நமக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து புத்தி சொன்னார். சூதும் குடியும் விதியாம். முப்பதுக்குமேல் படிப்பது மட்டும் பைத்தியமாம்!

"மருமகனே, வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பட்டுப்போகும்" என்றார் தாய்மாமன். மனிதன் மரமாக இருந்திருந்தால் இந்த மாமனின் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்க முடியாது. அவர் ஏறியபோது அவருக்கு வயது முப்பதுக்கு மேல் என்று இதே மாமன் பலமுறை பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நம் மக்கள் தொழில் மாறாதவர்களா? தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் நெல்லும் தினையும் விளைவித்தவன், இங்கே வந்து காடு வெட்டினான். பிறகு பால்மரம் சீவினான். 1943-இல் ஜப்பானியன் அவனைப் பிடித்துப்போய்ச் சயாமில் ரயில்பாதை போடச் சொன்னான். அங்கே பல்லாயிரவர் மாண்டனர். மீண்டு வந்தவன் மறுபடியும் உளி எடுத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை அறுக்கப் பழகினான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களான காலத்தில், ஐம்பது வயதுக் கிழவர்கள் லயத்தை விட்டிறங்கி நகரத்தில் காவற்காரர்களாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் ஆயினர். இவர்களில் எவரையும் "உனக்கு வயதென்ன?" என்று யாராவது கேட்டதுண்டா? பிறர் பிடித்துத் தள்ளினால் அது பிழைப்பு. தானே விரும்பி ஓரடி எடுத்து வைத்தால் அது கிறுக்கு. இந்த நியாயத்தைத்தான் நாம் மறுக்கிறோம்.

சிராங்கூன் சாலையையே பார்க்கட்டும். அங்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்தன. சுண்ணாம்புக் கம்பம் என்றே நம்மவர் அப்பகுதியை அழைத்தனர். பிறகு மாடு வளர்த்தலும் மாட்டு வியாபாரமும் அங்கே செழித்தன, எருமையின் பெயர் தாங்கிய தெருக்கள் இரண்டு, ஒன்று ஆங்கிலத்திலும் மற்றொன்று மலாயிலும், இன்றும் நிற்கின்றன, எருமைதான் இல்லை. இப்போது பூமாலையும் பொன்னும் புடவையும் விற்கிறார்கள். தெரு தொழில் மாறலாம், தெருவில் நடப்பவன் மாறலாகாதோ?

அடுத்து, ஜாதகம் வந்தது. நமக்குச் சனி நடப்பதால் இரண்டரை ஆண்டுகள் பொறுக்க வேண்டுமென்று சின்னம்மா சொன்னார். இதே சாலையில் மணி என்றொரு ஜோசியக் கிளி இருந்தது. 2010-இல் உலகக் காற்பந்துப் போட்டி நடந்தபோது சில ஆட்டங்களை அது சரியாகச் சொல்லிவிட்டதென்று உலகப் பத்திரிகைகளெல்லாம் அதன் படத்தை வெளியிட்டன. இறுதி ஆட்டத்தில் ஹாலந்து வெல்லும் என்றது கிளி. வென்றது ஸ்பெயின். தவறிப்போன கிளி கூண்டுக்குத் திரும்பியது. ஜோசியத்தின் மதிப்போ நம்மவரிடத்தில் ஓர் அணுவும் குறையவில்லை.

இவையெல்லாம் மேற்பூச்சு. உள்ளே இருக்கும் நோய் வேறு. தகப்பன் செய்த தொழிலையே மகனும் செய்ய வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய பழைய விஷம். 1953-இல் சென்னை மாநிலத்தில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. எழுந்த எதிர்ப்பில் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. பிறப்பினால் தொழில் என்பது அநீதி என்று மேடையில் முழங்குகிறவர்களே, வீட்டுக்கு வந்தவுடன் வயதினால் தொழில் என்று புதுச் சாஸ்திரம் எழுதுகிறார்கள். நம் தகப்பனார் கிராணி, நாம் கிராணி. நம்மைச் சிங்கப்பூரில் மாமன் வீட்டில் தங்கவைத்து ஆங்கிலம் வழிப் படிக்க வைத்ததும் அந்த நாற்காலிக்காகவே. ஆங்கிலம் படித்தவன் கையில் மண் படக்கூடாது, மை படலாம் என்பது எழுதப்படாத சட்டம். அந்த மையும் இப்போது இல்லை. நாம் வேலையில் சேர்ந்தபோது கையால் எழுதிய செக்ரோலை இன்று கணினியில் தட்டுகிறோம். நாளைக்குக் குலையை நிறுக்கும் தராசே கணக்கையும் அனுப்பிவிடும். "படம் போடத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அண்ணே" என்று எள்ளிய தம்பிக்கு ஒரு கேள்வி: அந்த இயந்திரம் படம் போடுகிறவனை விழுங்குவதற்குமுன் கணக்கு எழுதுகிறவனை விட்டுவைக்குமா?

"பொம்மை விளையாட்டு" என்று இத்தொழிலை இகழ்வோர் அதைப்பற்றி ஒன்றும் அறியாதவர்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணிநேரப் படத்துக்கு 1,29,600. முதலில் உருவத்தைச் செய்ய வேண்டும். அதனுள் எலும்புக்கூடு போன்ற ஒன்றைப் பொருத்த வேண்டும். முக்கியமான நிலைகளை மனிதன் வைக்க, இடைப்பட்ட நிலைகளைக் கணினி கணக்கிட்டுத் தரும். கணினி தருவதை அப்படியே விட்டால் உருவம் தண்ணீரில் மிதப்பதுபோல் நடக்கும். அதற்குக் கனம் கொடுப்பதுதான் கலை. கால் தரையில் ஊன்றும்போது இடுப்பு எவ்வளவு இறங்குகிறது, சுமை வலத்தோளில் இருந்தால் தலை எப்பக்கம் சாய்கிறது, களைத்தவன் திரும்பும்போது முதலில் திரும்புவது கண்ணா, தோளா என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

இதைக் கற்றபோதுதான் நம் 14 ஆண்டுகள் வீணாகவில்லை என்று தெரிந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்ட கிராணி, ஆயிரம் நடைகளைப் பார்த்திருக்கிறான். நீண்ட கழியில் அரிவாள் கட்டித் தலைக்குமேல் குலையை அறுப்பவனின் பின்கழுத்தை அறிவான். முள்ளடர்ந்த குலைகளை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றிச் சேற்றில் தள்ளுகிறவன் முழங்காலை எப்படி மடக்குகிறான் என்று அறிவான். இன்று அந்த வேலையைச் செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். நடை மட்டும் நம் பாட்டன் நடைதான். இருபது வயதுப் பிள்ளைக்குக் கணினியின் பொத்தான்கள் நம்மைவிட வேகமாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவன் எந்த நடையைப் பார்த்தான்?

வயது, வயது என்கிறார்களே! அமெரிக்காவில் விமானம் செய்யும் போயிங் நிறுவனத்தில் கணினி வேலை பார்த்துவந்தவர் லோரன் கார்பென்டர். 1980-இல், 33 வயதில், கணக்கினாலேயே மலைகளைப் படைத்து அவற்றின்மேல் பறப்பதுபோல் இரண்டு நிமிடப் படமொன்றைச் செய்து, சியாட்டிலில் கூடிய கணினி ஓவியர் மாநாட்டில் காட்டினார். லூகாஸ்ஃபிலிம் அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவரானார். வேலையை விட்டுவிட்டுக் கற்றவரல்லர் அவர். கற்றுக் கையில் படத்தோடு வந்து வேலையை விட்டவர். இதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

தூரம் போவானேன்? தேக்காவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மெக்நலி தெருவில் லாசால் கலைக் கல்லூரி, வெளியே கருமையும் உள்ளே கண்ணாடியுமாய் நிற்கிறது. 2007-இல் அது அவ்விடத்துக்கு வந்தது. உயிரோவியமும் அங்கே பாடமாக இருக்கிறது. அதை 1984-இல் தொடங்கிய ஜோசப் மெக்நலி என்ற அயர்லாந்துத் துறவி 1923-இல் பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றபின் 61-ஆம் வயதில் கலைக் கல்லூரி தொடங்கினார். அவருக்குச் சனி நடந்ததா என்று எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

சிங்கப்பூர் அரசாங்கம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2016-இல் 500 வெள்ளி கொடுத்தது. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 4,000 வெள்ளி கொடுத்தது. அதாவது, நாற்பதில் மனிதன் மறுபடி தொடங்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் பணம் கொடுத்துச் சொல்கிறது. முப்பதில் அடங்க வேண்டும் என்று நம் மாமன் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சொல்கிறார். (ஜோகூர்க்காரனாகிய நமக்கு அந்த வெள்ளி கிடையாது, குடியுரிமையும் இல்லை, வயதும் நான்கு குறைவு. கிழவன் என்று வீட்டில் தள்ளப்பட்டு, குடிமகனாக இருந்தாலும் இளையவன் என்று விடப்படும் வினோதப் பருவம் நம்முடையது.)

நிற்க. எதிர்த் தரப்பில் ஒரே ஒரு வாதம் கனமானது. அதை மறைத்தால் நாம் நேர்மையற்றவர்களாவோம். இத்தொழிலில் நிலைப்பில்லை என்கிறார்கள். மெய். லூகாஸ்ஃபிலிம் 2005-இல் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் பெரிய கட்டடமும் எழுப்பியது. 2023 ஆகஸ்டில் அங்கிருந்த கூடத்தை மூடுவதாக அறிவித்தபோது 300-க்கும் மேற்பட்டோர் வேலை இழக்கும் நிலைக்கு வந்தனர். புதுச்சேரித் தமிழ்ப் பையனையும் புலியையும் பற்றிய 'லைஃப் ஆஃப் பை' படத்தில் அந்தப் புலிக்கு உயிர் கொடுத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் பெற்ற அதே மாதத்தில் திவாலாகி நீதிமன்றத்தில் நின்றது. பரிசு மேடையில் அப்படத்தின் காட்சி விளைவு மேற்பார்வையாளர் அந்நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் இசையை எழுப்பி அவர் பேச்சை நிறுத்தினார்கள். உழைத்தவன் பெயர் அழிவது தோட்டத்தில் மட்டுமன்று, திரையிலும் உண்டு.

இதிலிருந்து பெறவேண்டிய முடிவு யாது? கற்காதே என்பதா? ஒரு முதலாளியின் கூடத்தையே நம்பிக் கற்காதே என்பதுதான். பிளெண்டர் என்னும் கணினிச் சாதனம் 2002 முதல் எல்லோருக்கும் இலவசம். லாட்வியா என்ற சிறு நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் அதைக்கொண்டு 'ஃப்ளோ' என்ற படத்தைச் செய்தார். அது 2025-இல் ஆஸ்கார் பெற்றது. அந்நாட்டு மக்கள்தொகை இருபது இலட்சத்துக்கும் குறைவு. நம்மிடம் படைக்கக் கதை இல்லையா? மலேசியாவின் 'உப்பின் இப்பின்' 2007 முதல் மலாய்க் கம்பத்தைக் குழந்தைகள் கண்முன் நிறுத்துகிறது. அதில் முத்து என்ற தமிழ்க் கடைக்காரர் வருகிறார். மலாய்க்காரர் நமக்கு ஒரு கடையாவது வைத்துக் கொடுத்தார்கள். லயத்து வாசலையும் பெரட்டுக் களத்தையும் ஆயாக் கொட்டகையையும் வரைய வேண்டியவன் யார்? அவர்களா?

ஆனால், பயிற்சி என்ற பெயரில் கொள்ளையடிப்போரிடமும் எச்சரிக்கை வேண்டும். நகரத்தில் ஓரிடத்தில் நாம் முதலில் 1,800 வெள்ளி கட்டினோம். எட்டு வாரத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டி, பளபளப்பான சான்றிதழும் கொடுத்தனுப்பினார்கள். நடையைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆசைப்பட்டவனின் வயதையும் அவசரத்தையும் விலையாக்கும் இவ்வியாபாரம், கிளி ஜோசியத்தைவிட எவ்வகையில் உயர்ந்தது? கிளிக்காவது சில வெள்ளிதான் கூலி. அந்த 1,800 வெள்ளியை இழந்ததற்கு உறவினர்கள் நம்மை ஓராண்டாக ஏசுகிறார்கள்; அதே ஆண்டில் ஒரு பெண் பூப்பெய்தியதை ஊருக்கு அறிவிக்க மண்டபம் பிடித்து, அதைப்போல் எட்டு மடங்கு செலவழித்தவர்களும் அவர்களே.

நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரே உண்டு. "மாதக் கடைசியில் கிராணிச் சம்பளம் வருகிறது. உங்கள் படத்துச் சம்பளம் எந்த மாதம் வரும் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து நிற்கிறேன்" என்றார் நம் துணைவியார். இது பழமொழியுமன்று, ஜாதகமுமன்று, கணக்கு. கிராணிக்குக் கணக்கு புரியும். ஆகவே இருவரும் உட்கார்ந்து எழுதினோம்: பன்னிரண்டு மாதச் செலவு கையில் சேரும்வரை வேலையை விடுவதில்லை, கடன் வாங்குவதில்லை, பிள்ளையின் பள்ளிப் பணத்தில் கை வைப்பதில்லை, இரவு ஒன்பது முதல் பதினொன்றுவரை நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. கடைசி விதியை எழுதியவர் அவரே. ஏழு மாதச் செலவு சேர்ந்திருக்கிறது.

செம்பனை வண்டி தள்ளுகிறவனின் நடை, 12 நொடி, 288 படங்கள், முடியும் நிலையில் இருக்கிறது. இடக்கால் இன்னும் தரையில் வழுக்குகிறது. நேற்றிரவு இருமுறை திருத்தியும் சரியாகவில்லை. இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் அன்பர்கள் தாராளமாக எழுதலாம். அவர்கள் தம் தொழிலையும் அதைத் தேர்ந்தெடுத்தது தாமா, பிறரா என்பதையும் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டுகிறோம். ஜாதகக் கட்டம் அனுப்ப வேண்டாம். சின்னம்மா ஏற்கெனவே அனுப்பிவிட்டார்.