மஸ்டாங்கின் உடுப்புக்குள்ள ஒரு ஃபல்கன்

பழைய அமெரிக்கக் கார் எண்டா எங்கட பெடியள் முதல் சொல்லுற பேர் மஸ்டாங்தான். 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்குயீன் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கங்களில் அதைப் பறக்கவிட்ட பிறகு அந்தப் பேருக்குத் தனி மவுசு. அதே ஃபோர்ட் கம்பனியின் ஃபல்கன் படத்தை ஆரும் அறைச் சுவரில ஒட்டுறதில்லை. எனக்கு அது அநியாயமாப் படுது.

ஃபல்கன் 1959 கடைசியில், 1960ஆம் ஆண்டு மாடலாக வந்தது. அதுக்குப் பின்னுக்கு நிண்டவர் ரொபேர்ட் மக்நமாரா. சின்னதாக, மலிவாக, ஆறு பேர் இருந்து போகக்கூடிய கார் வேணும் எண்டது அவரின் கணக்கு. (இதே மனிசன் பிறகு கென்னடியின் பாதுகாப்புச் செயலாளராகி, வியட்நாம் போரையும் இலக்கங்களாகவே பார்த்தது வேற கதை.) எஞ்சின் வெறும் 90 குதிரைவலு. அப்பிடியிருந்தும் முதல் வருசமே 4 இலட்சத்துக்கு மேல வித்தது.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியில் வந்திறங்கியது. விலை 2,368 டொலர். லீ அயகோக்காவின் ஆக்கள் செய்தது என்னெண்டா, ஃபல்கனின் அடித்தளத்தை எடுத்து, நீண்ட முன்பக்கமும் கட்டையான பின்பக்கமும் கொண்ட புது உடுப்பைப் போட்டுவிட்டதுதான். முதல் வந்த கார்களின் மீற்றர் பலகைகூட ஃபல்கன் வழி வந்தது. அடிப்படை மாடலில் அதே குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சின், நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். வி8 வேணுமெண்டா மேலதிகக் காசு.

இதை ஏமாத்து வேலை எண்டு நான் சொல்லேல்ல. அடியிலிருந்து புதுசாகச் செய்திருந்தா அந்த விலைக்குக் குடுத்திருக்கவே ஏலாது. உடுப்பும் நல்ல உடுப்பு. முதல் நாளிலேயே 22,000 ஓடர் விழுந்ததில அதிசயமில்லை.

ஆனா மஸ்டாங்கின் கதை ஆசையின் கதை. ஃபல்கன் சனத்தின் வாழ்க்கைக்குள்ள போன கார். அவுஸ்திரேலியாவில் டக்சியாகவும் பொலிஸ் காராகவும் ஓடி, 2016 ஒக்டோபர் வரை அந்தப் பேரில் தயாரானது. ஆர்ஜென்டீனாவில் 1991 வரை. அங்க குடும்பத்தை ஏத்திக்கொண்டு போனதும் அதுதான், ரேஸ் ஓடினதும் அதுதான். 1976 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு, இலக்கத்தகடு இல்லாத பச்சை ஃபல்கன் வாசலில வந்து நிண்டா வீட்டில ஒருத்தர் காணாமற்போவார். அங்குள்ள மனித உரிமை அமைப்புகள் சொல்லுற தொகை 30,000. ‘வெள்ளை வான்’ எண்ட சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கார் மட்டுமில்லை, அதைச் செய்த தொழிற்சாலையும் இதுக்குள்ள வருது. அங்க வேலை செய்த 24 தொழிலாளர்கள் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டதில் உடந்தை எண்டு, 2018இல் ஆர்ஜென்டீன நீதிமன்றம் ஃபோர்டின் முன்னாள் அதிகாரிகள் இரண்டு பேருக்குச் சிறைத்தண்டனை குடுத்தது. சம்பவம் நடந்து 40 வருசத்துக்கும் மேல.

கிளாசிக் கார் பற்றி எழுதுறவை மஸ்டாங்கின் குதிரைச் சின்னத்துக்கே இரண்டு பந்தி ஒதுக்குவினம். ஃபல்கன் எண்டா ‘சிக்கனமான குடும்பக் கார்’ எண்டு ஒரு வரியோட சரி. ஓடிப் பாக்கச் சொல்லி இரண்டு சாவியையும் நீட்டினா நான் மஸ்டாங்கைத்தான் எடுப்பன், அதில பொய்யில்லை. ஆனா இரண்டில எதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வாசிப்பாய் எண்டு கேட்டா, யோசிக்காமல் ஃபல்கன் எண்டுதான் சொல்லுவன்.