இடமில்லை என்பது ஒரு சாக்கா?

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. பணம் எடுக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். திரையில் தெரியும் பாக்கி வேறு, கையில் இருக்கும் காசு வேறு!

சாவியைத் தானே வைத்திருப்பது முதல் பாதுகாப்பு. வந்த காசு நிஜம்தானா என்று தானே சரிபார்ப்பது அடுத்தது. அந்தச் சரிபார்ப்பைச் செய்வதுதான் பிட்காயின் முழு நோட்.

"600 ஜிபிக்கு மேல் கேட்குமே, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏது இடம்?" என்பார்கள். 2015-இல் வந்த பிட்காயின் கோர் 0.11-இலேயே இதற்கு வழி உண்டு. பெயர் ப்ரூனிங். 2009 ஜனவரி முதலான எல்லா பிளாக்குகளையும் இறக்கிச் சோதித்துவிட்டு, பழையவற்றை அழித்துவிடும். பிளாக்குகளுக்கு 550 எம்பி போதும். செலவாகாத காயின்களின் பட்டியலையும் சேர்த்து 20 ஜிபி ஒதுக்கினால் ஓடும். இன்டர்நெட் டேட்டா மட்டும் முழுசாகச் செலவாகும்.

திருத்தணி மலைக்கு நடந்து போகிறவர் 365 படியையும் ஏறித்தான் ஆக வேண்டும். அதற்காகப் படிகளை வீட்டுக்குத் தூக்கி வர வேண்டுமா என்ன?

குறையும் உண்டு. அழித்த பிளாக்குகளைப் புதிதாக வருபவருக்குத் தர முடியாது. எல்லோருமே அழித்துவிட்டால் பழைய கணக்கு யாரிடம் இருக்கும்? ஆகவே இடம் உள்ளவர்கள் முழுசாக வைத்திருக்க வேண்டும்.

இல்லாதவர்கள் சரிபார்க்கவாவது செய்யலாம். லெட்ஜரைப் பத்திரப்படுத்துவது வேறு, ஆடிட் செய்வது வேறு. காமர்ஸ் மாணவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?