இரண்டு வருடம் பற்றிப் பேசுகிறோம். ஒரு மணி நேரம் கொடுக்கிறோமா?

மழைக்காலம் வந்தால் சளி, இருமல், மூச்சிழுப்பு என்று கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். குளிர், தூசு என்று காரணம் சொல்கிறோம். தாய்ப்பால் குறைவதையும் அந்தக் காரணங்களோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2016இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, சிறுபிள்ளைகளின் சுவாசத் தொற்றுகளில் மூன்றில் ஒன்றைத் தாய்ப்பாலால் தவிர்க்கலாம். அத்தொற்றுகளால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 57 வீதம் குறைகிறது. கிருமிக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள் பால் வழியே பிள்ளைக்குச் செல்வது இதற்கு ஒரு முக்கிய காரணம். எனவே, "உம்மாவுக்குத் தடிமன், பால் கொடுக்க வேண்டாம்" என்று வீட்டில் தடுப்பது பிழை. கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுத்தால் போதும்.

ஆனால், அறியாமையை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டியது. தாய்மாருக்கு அக்கறை இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் நாளில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது.

கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். அது முடியும்போது பிள்ளைக்கு நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலமோ ஆறு மாதம். இந்த இடைவெளியில்தான் பால்மாப் போத்தல் வீட்டுக்குள் வருகிறது.

இதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் அங்கிருந்தால் அரை மணி நேரம் வீதம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வீதம். எனக்குத் தெரிந்த கடைகள் பலவற்றில் இதை முதலாளியும் அறியார், வேலை செய்யும் பெண்ணும் அறியார்.

நாம் வியாபார சமூகம். நம் புடவைக் கடைகளிலும் பார்மசிகளிலும் இளம் தாய்மார் வேலை செய்கிறார்கள். இரண்டு பூரண வருடங்கள் பாலூட்டுவது பற்றி மிம்பரில் கேட்கிறோம். அதைச் சொல்லும் அல்குர்ஆன் வசனமே (2:233) தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பாலூட்டுவது தாய் தனியே சுமக்கும் சுமையல்ல என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். அவளது வேலை நேரத்தைத் தீர்மானிப்பவருக்கும் இதில் பங்குண்டு.

வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இந்த மழைக்காலத்துக்கு முன்பே இதைப் பேச வேண்டும். பெரிய செலவில்லை. சம்பளம் வெட்டாத இரண்டு இடைவேளைகள், பால் எடுத்து வைக்க ஒரு மறைவான அறை, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி. முதலில் நம் கடைகளில் இவற்றைச் செய்துவிட்டு, பிறகு தாய்மாருக்கு உபதேசம் செய்வோம்.