நீங்கள் கேட்டவை: வெள்ள வண்டல் மேல் கடைக்கால் போடலாமா?

“ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மண்சுவர் வீடு விழுந்துவிட்டது. இப்போது அரசு வீட்டுத் திட்டத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. வாழைத்தோட்டத்தை ஒட்டிய பட்டா மனையில் கட்டப்போகிறோம். ‘கருங்கல் வேண்டாம், 2 அடி வானம் பறித்து, ஹாலோ பிளாக்கிலேயே அடியில் இருந்து எழுப்பிவிடலாம், செலவு மிச்சம்’ என்கிறார் கொத்தனார். செய்யலாமா?”
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

சகோதரி, தரைக்குக் கீழே ஹாலோ பிளாக் வேண்டாம். அதன் பொந்துகளில் தண்ணீரும் சேறும் புகுந்து தங்கும். பாரம் தாங்கும் பலமும் குறைவு. சாலிட் பிளாக் போடலாம். கருங்கல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். வெளிமுகத்தில் மட்டும் கலவையைப் பூசி, உள்ளே கல்லை வெறுமனே கொட்டி நிரப்பிய கருங்கல் கட்டுமானத்தை விட, ஒழுங்காகக் கட்டிய சாலிட் பிளாக் எவ்வளவோ மேல். ஆனால், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ‘2 அடி’.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு மேல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய், இரும்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் அரித்த மண்ணை ஆறு இன்னோரிடத்தில் போட்டுவிட்டுப் போகும். உங்கள் மனையிலும் வண்டலோ மணலோ படிந்திருக்கலாம். பயிருக்கு அது சில இடங்களில் நல்லதாகக்கூட இருக்கும். வீட்டுக்கு ஆகாது. ஓரிரு நாளில் வந்து விழுந்த மண் இன்னும் இறுகியிருக்காது. 2 அடி தோண்டினால் அதற்குள்ளேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு. போதாததற்கு, அது வாழை நின்ற இடமாக இருந்தால் பழைய கட்டைகள் உள்ளே மக்கிப் பொந்து விழுந்திருக்கும்.

எங்கள் வீட்டிலேயே இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். பழைய எருக்குழி இருந்த இடம் என்று தெரிந்தும், ‘நல்லாத் தூர்த்தாச்சு’ என்ற தைரியத்தில் மாட்டுத்தொழுவம் கட்டினோம். இரண்டாவது ஐப்பசியில் ஒரு மூலை இறங்கி, சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. பூசிப் பூசிப் பார்த்தோம். கடைசியில் இடித்துத்தான் கட்டினோம்.

எனவே, மனை கோலுவதற்கு முன்பே 3 அடிச் சதுரத்தில் ஒரு சோதனைக் குழி எடுங்கள். மனையின் இரண்டு எதிர் மூலைகளில் எடுத்தால் இன்னும் நல்லது. பிசானம் அறுத்து, தென்காலில் தண்ணீர் நின்ற பிறகு எடுத்தால் ஊற்று தொந்தரவு குறைவு. குழியின் பக்கச்சுவரைப் பாருங்கள். மேலே வெளிர் நிறத்தில் வரிவரியாக இருப்பது வெள்ளம் போட்டது. அதற்குக் கீழே வேரும் மட்கும் கலந்த கறுத்த தோட்டமண். அதையும் தாண்டினால் ஒரே நிறத்தில் இறுகிய பழைய தரை வரும். கடப்பாரையால் குத்தினாலே வித்தியாசம் தெரியும். வண்டலில் சட்டென்று இறங்கும், பழைய தரையில் ‘ணங்’ என்று நிற்கும். கடைக்கால் உட்கார வேண்டிய இடம் அந்தப் பழைய தரைதான். அது 3 அடியில் வந்தால் 3 அடி, 5 அடியில் வந்தால் 5 அடி. ஒன்று: மணல் பாங்கான குழி சொல்லாமல் சரியும். ஆழம் 4 அடியைத் தாண்டினால் பக்கத்தைச் சரிவாக வெட்டிக்கொண்டுதான் ஆளை இறக்க வேண்டும். பிள்ளைகள் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 அடிக்கும் பழைய தரை வரவில்லை என்றால் கொத்தனாரோடு பேசித் தீர்க்காதீர்கள். ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் போங்கள். வந்தாலும்கூட, கான்கிரீட் கொட்டும் முன் அவரை ஒருமுறை வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்ட வீடு என்பதால் எப்படியும் அவர் வர வேண்டியவர்தான்.

இனி கல். இந்தியத் தர நிர்ணயப்படி, சாலிட் பிளாக்கை வார்த்த பிறகு குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் வைத்து, பிறகு 4 வாரம் உலர்த்தித்தான் கட்ட வேண்டும். நடப்பில், முந்தாநாள் அடித்த கல் இன்று டிராக்டரில் ஏறுகிறது! வாழைத்தார் நிறுக்கும் தராசு இருக்குமே, அதில் போட்டுப் பாருங்கள். 400 × 200 × 150 மி.மீ. சாலிட் பிளாக், 21.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, வடிய விட்டு மறுபடி நிறுங்கள். உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்தக் கல் உங்களுக்கு வேண்டாம். இரண்டு மூன்று கல்லை இப்படிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வானத்தின் அடியைத் திமிசு போட்டு இறுக்கி, 6 அங்குலத்துக்கு 1:4:8 கான்கிரீட். அதன் மேல் அகலமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறுக்கி எழுப்ப வேண்டும். தரைமட்டத்தில் வீடு முழுக்கச் சுற்றிவரும் பெல்ட் பீம் கட்டாயம். மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள்; ஒரு மூலை இறங்கப் பார்த்தால் பிடித்து நிறுத்துவது அதுதான். கலவைக்குத் தேரி மணலை அள்ளிவரச் சம்மதிக்காதீர்கள். அது மிகவும் பொடி.

பேஸ்மட்டம், பழைய வெள்ளக்கறைக்கு மேலே இருந்தால் நிம்மதி. கறை ஆள் உயரத்தில் இருக்கும் ஊர்களில் அது முடியாது. அங்கே மாடிப்படியைப் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளாதீர்கள். அன்று எத்தனை குடும்பங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து உயிர் பிழைத்தன என்று உங்களுக்கே தெரியும். பேஸ்மட்டத்துக்குள் கிராவல் நிரப்பும்போது அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடியுங்கள்.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்காக ஒன்று. ஆதிச்சநல்லூர் பரம்பு கெட்டியான, மேடான தரை. கடைக்காலுக்கு அருமையான இடம்தான்! ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். வேறு எங்கே வானம் பறிக்கும்போதும் தாழியோ பானையோ தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

“எங்களுடையது கரிசல். கோடையில் சுவரெல்லாம் வெடிக்கிறது. கடைக்காலை ஆழமாகப் போட்டால் சரியாகுமா?”
- ஒரு வாசகர், விளாத்திகுளம்

கோடை வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே போனால் பெருமளவு சரியாகும். கோடை முற்றிய பிறகு வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு அளந்து வையுங்கள். தோண்டிய கரிசலையே வானத்தில் திரும்பத் தள்ளாமல், மணலோ கிராவலோ போடுங்கள். வீட்டைச் சுற்றி 3 அடிக்குத் தளம் போட்டு, புழக்கடைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் செய்யுங்கள். ஆழம் அதிகமாக வந்தால், அடியில் குமிழ்போல் அகன்ற ‘அண்டர் ரீம்டு’ பைல் பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கிய முறை அது.