வேளாங்கண்ணித் திருவிழாவும் கடற்கரைத் தூய்மையும்: எங்கள் நிலைப்பாடு

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளோடு விழா நிறைவடைகிறது. காவி உடுத்தி நடந்து வருவோர், பேருந்திலும் ரயிலிலும் வருவோர் என மதம் பாராமல் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அத்தனை பேரையும் தாங்க வேண்டியது ஒரு பேரூராட்சி. கூட்டம் கலைந்ததும் நனைந்த துணியும் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் மணலில் கிடக்கின்றன.

காவிரிக் கடைமடையில் உழவும் மீன்பிடியும் சிறுவியாபாரமும் செய்து பிழைப்பவர்கள் நாங்கள். எங்கள் நிலைப்பாடு இதுதான்: தூய்மைப் பணி கொடியேற்றத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், விழாவால் வருமானம் பெறும் எல்லோரும் அதன் செலவைப் பகிர வேண்டும்.

விழா முடிந்து ஒரு மாதம் போனால் வடகிழக்குப் பருவமழை. மணலில் புதைந்த துணியும் நெகிழியும் அப்போது கடலுக்குள் போய் மீனவர் வலையைக் கிழிக்கும். பாதிப்பு கரையோடு நிற்பதுமில்லை. தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நடந்து வருவோருக்குச் சாலையோரப் பந்தல்களில் சோறும் மோரும் தருகிறார்கள். டெல்டாவின் நல்ல மனம் அது. ஆனால் அங்கே வீசப்படும் கப்பும் தட்டும் பக்கத்து வாய்க்காலில் விழுகின்றன. குறுவை வயலுக்கும் சம்பா நாற்றங்காலுக்கும் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் மதகு அடைபட்டால் காய்வது கடைமடை வயல்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நெகிழித் தட்டு, கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. திருவிழா நாட்களுக்கு அதில் விலக்கு கிடையாது.

எனவே நாங்கள் கோருவது:

1. மாவட்ட நிர்வாகம், பேரூராட்சி, பேராலய நிர்வாகம் மூன்றும் சேர்ந்து, துப்புரவுத் திட்டத்தையும் அதன் செலவுக் கணக்கையும் கொடியேற்றத்துக்கு முன் மக்களுக்கு வெளியிட வேண்டும்.

2. தங்கும் விடுதிகளும் உணவகங்களும் விழாக்காலக் கடைகளும் தங்கள் குப்பையைத் தரம் பிரித்துத் தருவதோடு, கூடுதல் செலவில் பங்கேற்க வேண்டும்.

3. கடலில் குளித்துவிட்டு விட்டுச்செல்லும் துணிகளுக்குக் கரையிலேயே தனித் தொட்டிகள் வைக்க வேண்டும்.

4. பந்தல்களில் வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்க வேண்டும். பந்தல் போட்டவர்களே இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும்.

5. இரவு பகலாக உழைக்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, காலணி, மிகைநேர ஊதியம், ஓய்விடம், கழிப்பறை வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

6. அக்டோபர் பிறக்கும் முன் கரையிலும் சாலையோர வாய்க்கால்களிலும் குப்பை முழுவதும் அகற்றப்பட வேண்டும்.

தன்னார்வலர்கள் ஒருநாள் கூடிக் கரையைச் சுத்தம் செய்வதை வரவேற்கிறோம். நாங்களும் அதில் இறங்குவோம். ஆனால் அந்த ஒருநாள் உழைப்பைக் காட்டி, பொறுப்புள்ளவர்கள் கை கழுவ விடமாட்டோம். குப்பையைப் பற்றிப் பேசுவது பக்தியைக் குறை சொல்வதாகாது. வேண்டுதலோடு வரும் இடத்தைப் பேணுவதும் வழிபாடுதான்.

யாத்திரை வரும் சகோதர சகோதரிகளே, ஒரு தண்ணீர்க் குவளையும் துணிப்பையும் உடன் கொண்டு வாருங்கள். நனைந்த துணியை மணலில் விடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.