ஆட்டுக்கு யார் பெல் அடிக்கிறாங்க?



2025-ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது எல்லோருக்கும் தெரியும். காலை 11 மணி, மதியம் 1 மணி, மாலை 3 மணி. கேரளாவில் 2019-லேயே பள்ளிகளில் இது வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம்ம மங்களூர் பக்கம் கொல்லையில் மேயுற ஆட்டுக்கு யார் பெல் அடிக்கிறாங்க? தாகம் எடுத்தா அதுவே குட்டைக்குப் போகுது. வெயில் ஏறினா அதுவே வேப்பமரத்தடியில் வந்து படுத்துக்குது. ஆறறிவு உள்ள நமக்கு மட்டும் ஏன் தண்ணி குடிக்க மணி அடிக்க வேண்டியிருக்கு?

நம் உடம்பு சொல்றதை நாம கேட்கிறதில்லை. கேட்காம இருக்கவே பழகிட்டோம். இதுதான் என் கருத்து.

உடம்பு சொல்லும் என்பது பாட்டி கதை இல்லை, அறிவியல். ரத்தத்தில் நீர் கொஞ்சம் குறைந்தாலே மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி கண்டுபிடித்து தாகத்தை உண்டாக்குகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி சிறுநீரகத்துக்கும் செய்தி போகிறது. அதனால்தான் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தால் கவனம் சிதற ஆரம்பிக்கும். 40 கிலோ எடை உள்ள ஒருவருக்கு அது 800 மில்லிதான். மதியம் கணக்குப் பாடத்தில் தலை வலிக்குதுன்னா எல்லாமே கணக்கோட குற்றம் இல்லை!

இப்போ பெண் பிள்ளைகள் விஷயம். எழுத வெட்கமாத்தான் இருக்கு, ஆனா நாம எழுதலன்னா வேற யார் எழுதுவாங்க? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காத பெண்கள் நிறைய பேர். தாகம் தெரியாம இல்லை. குடிச்சா கழிவறைக்குப் போகணும். பல ஊர்ப் பள்ளிகளில் அங்கே தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தா தண்ணி இருக்காது. அதனால் தாகத்தையும் அடக்குறோம், சிறுநீரையும் அடக்குறோம். இப்படியே அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும், அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சீக்கிரம் வரும். உடம்பு சரியாத்தான் சொல்லுது. கேட்கத்தான் வழி இல்லை.

இப்போ டவுனில் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, ராத்திரி நல்லா தூங்கினோமா என்று காலையில் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்களாம். தூங்கினவங்களுக்குத் தெரியாதா? எங்க ஆயா கடிகாரம் பார்த்து நான் பார்த்ததே இல்லை. பருத்தி எடுக்கும்போது நிழல் காலடியில் சுருங்கிடுச்சுன்னா, "போதும் வாங்கடி"ன்னு எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டி வந்துடுவாங்க. நம்ம விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். ஈரம் முழுசா காயாத களிமண்ணை சூளையில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கு. மண்ணோடு பழகினால் நம் கன்னமே ஒரு கருவி.

அதுக்காக உடம்பு சொல்றது எல்லாம் சரின்னு நான் சொல்லலை. கட்டுவிரியன் பாம்பு ராத்திரி தரையில் படுத்திருக்கிறவங்களைக் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூட சரியாத் தெரியாது. "வலிக்கலையே, ஒண்ணுமில்லை"ன்னு இருந்தா உயிரே போயிடும். ஆனால் விடிகாலையில் வயிறு வலிக்கும், கண் இமை தானாகச் சொக்கும், பேச்சு குழறும், மூச்சு விடவும் கஷ்டமாகும். அதுவும் உடம்பு பேசுறதுதான். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து "அம்மா, வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியலை"ன்னு சொன்னா, நம்ம வீடுகளில் வர்ற முதல் பதில் என்ன? "பள்ளிக்கூடம் போகாம இருக்க சாக்கு சொல்றியா?" என்பதுதான். பெரியவங்க அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளையோட கண்ணை ஒரு தடவை பார்க்கணும். இமை சொக்கியிருந்தா மந்திரிக்கப் போகாம உடனே 108-க்கு போன் பண்ணணும். விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மழைக்காலத்தில் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது இன்னும் நல்லது.

தோழிகளே, நாளையிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வாங்க. தாகம் எடுத்தா பெல்லுக்குக் காத்திருக்காம ஆசிரியரிடம் கேட்டுக் குடிங்க. ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: பாடம் நடக்கும்போது ஒரு பெண் எழுந்து நின்று "வெளியே போகணும் டீச்சர்" என்று கேட்டால், "இப்பதானே இடைவேளை விட்டாங்க?" என்று எல்லார் முன்னாடியும் கேட்காமல் அனுப்புங்கள். தலைமையாசிரியர் அவர்களுக்கு: வாட்டர் பெல் அடிக்கும் மூன்று வேளையும் பெண்கள் கழிவறைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வகுப்பிலிருந்து தினம் இரண்டு பேர் முறை வைத்து வருகிறோம். தாழ்ப்பாள் மட்டும் நீங்கள் போட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி